நான்கு நாற்காலியிலும் ஒரே பள்ளம்

குட்டி,

சாப்பாடு ஹாட் பாக்ஸில் இருக்கிறது. வெளியே போனால் சாவியை எடுத்துக்கொள். நான் வர ஏழு மணியாகிவிடும்.

மாடி வீட்டு டெய்லர் அக்கா வந்தால் மேஜை மேலிருக்கும் ஸ்டேப்ளரைக் கொடுத்துவிடு. பழைய சாமான் கடையில் வாங்கிய நாற்காலிகளுக்குப் புதுத் துணி அடிக்க அதை அவரிடம்தான் இரவல் வாங்கினேன். கூடவே என் கட்டை விரலையும் சேர்த்து அடித்துக்கொண்டதை நீ சொல்லாதே.

நேற்று அவர் வந்து நான்கையும் அமுக்கிப் பார்த்தார். "பெயின்ட் அடிச்சதும் புதுசாவே ஆயிடுச்சு. ஆனா அதுக்குள்ள நாலு ஸ்பாஞ்சும் பள்ளமாயிடுச்சே! வீட்ல தினம் விருந்தாளிங்களா?"

"ஆமாக்கா, கூட்டம் தாங்கலை" என்றேன்.

அந்தக் கூட்டம் நான்தான். "எவனெவனோ உக்காந்து தேய்ச்ச குப்பைம்மா, நான் உக்கார மாட்டேன்" என்று நீ தட்டோடு உன் அறைக்குப் போன நாளிலிருந்து, தினம் ஒரு நாற்காலியாக மாறி மாறி உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஒன்று மட்டும் அமுங்கிக் கிடந்தால் பார்க்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடுமே.

அம்மா

பி.கு.: ஜன்னலோர நாற்காலிக்கு இன்று காலை மிச்சமிருந்த ஸ்பாஞ்சை வைத்து மறுபடி துணி அடித்தேன். இனிமேல் அதில் நான் உட்காரப் போவதில்லை. எவ்வளவு குண்டாக இருந்தாலும் எனக்கு மூன்று நாற்காலி போதும்.

இன்னொன்று: அதன் கால்களில் காலையில் மறுபடி அடித்த பெயின்ட் இன்னும் ஈரம். ராத்திரி சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும்.