வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டியின் பெயர்

நவம்பர் 4, செவ்வாய்

விடியும்போதே தூறல். அரியலூர் பஸ் ஸ்டாண்டில் குடை விரிக்கக்கூட இடமில்லை. பெரம்பலூர் வரை நின்றுகொண்டே வந்தேன். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரி, பஸ் கண்ணாடியெல்லாம் வெள்ளைச் சேறு. கண்டக்டர் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டே டிக்கெட் கிழித்தார்.

வாங்க வேண்டியவை: சமையலறை பல்பு. வீட்டுக்காரருக்கு முட்டிவலித் தைலம். சின்ன வெங்காயம் (பெரம்பலூரிலேயே வாங்கணும், அரியலூரில் அநியாயம்).

எங்கள் பெரம்பலூர் ஆபீசுக்குத் திருச்சியிலிருந்து மெயில். மேனேஜர் சத்தமாகப் படித்துக் காட்டினார், எனக்குப் படிக்கத் தெரியாத மாதிரி. விஷயம் இதுதான். தெருத்தெருவாக மாட்டியிருக்கும் இன்டர்நெட் பெட்டிகளைக் கண்காணிக்கிற மென்பொருள், பெட்டிகளின் பெயர்களை ஒரு பொதுப் பெயர்ச் சேவையில் வைத்திருக்கிறது. பெரம்பலூர், அரியலூர், திருச்சி மூன்று ஊர் சர்வரிலும் ஒரே பெயர்கள். ஒரு ஊரில் பெயர் போட்டால் மூன்று ஊரிலும் தெரியும். அதை நிறுத்தப் போகிறார்கள். இனி அந்தந்த ஆபீஸ் பெட்டிகளின் பெயர் அந்தந்த ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும். ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும். மாற்ற வேண்டியது நான்.

"பழைய சர்வர் ரொம்பத் திணறுது கலா. பாக்கறதுக்கும் ஆள் இல்ல. அவங்கவங்க சட்டி பானைய அவங்கவங்க வூட்ல வெச்சுக்கட்டுமே" என்றார் மேனேஜர்.

சரிங்க சார் என்றேன். அப்போது உறைக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் உறைத்தது. எங்கள் வீடு அரியலூரில் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பெட்டி அரியலூர்க் கணக்கு.

தயிர்சாதம் பாதி நாய்க்கு.

நவம்பர் 5, புதன்

மழை இல்லை, புழுக்கம். தைலம் மறந்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

காலையில் வழக்கம்போல அரியலூர் ஆபீசிலிருந்து ஸ்டீபன் போன். வரதராஜன்பேட்டைக்காரன். இந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம். ஆளை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன், குரல்தான் பழக்கம். இரண்டு ஆபீஸ் திரையும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பேசிச் சரிபார்ப்போம்.

"அக்கா, ஜெனிபர் நேத்துலேர்ந்து தூங்குறா. தர்ஷன் வந்துட்டான். ரித்திகா போயிட்டா, அங்க கரண்ட் இல்ல போல."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. "ரித்திகா வந்துட்டாக்கா."

எங்கள் கம்பெனியில் இப்படித்தான். பெட்டி மாட்ட ஒரு வீட்டுச் சுவரும் கரண்டும் வேண்டும். கொடுக்கிற வீட்டுக்கு நெட் இலவசம், கூடவே ஒரு மரியாதை, அந்த வீட்டுப் பிள்ளையின் பெயரைப் பெட்டிக்கு வைப்பது. திரை முழுக்கப் பிள்ளைகள். மூன்று ஹரிணி, இரண்டு அப்துல். போன் பண்ணுகிறவர்களும் பெட்டிப் பெயரைச் சொல்லித்தான் புகார் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் மாட்டியபோது எங்கள் பெண்ணுக்கு நாலு வயசு. லைன்மேன் ஏணியிலிருந்து குனிந்து, "உன் பேரு என்னா பாப்பா?" என்று கேட்டார். சொன்னாள். வெள்ளைப் பெயின்ட்டில் பெட்டியிலேயே எழுதிவிட்டுப் போனார். மூன்றாவது படிக்கும்போது காய்ச்சல் வந்தது, போய்விட்டாள். அந்தப் பெட்டியும் போன வருஷம் இடியில் கருகிப்போனது. புதுப்பெட்டியில் யாரும் எதுவும் எழுதவில்லை, பெயர் சர்வரில் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் அவள் பெயரைச் சொல்வதே இல்லை. அவர் மூன்று வருஷமாக வாயைத் திறந்து ஒரு தடவை சொன்னதில்லை. நான் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார், அதனால் நானும் விட்டுவிட்டேன். ரேஷன் கார்டில் பெயர் நீக்கக்கூட என்னைக் கூட்டிப்போகாமல் தனியாகப் போய்விட்டு வந்தார்.

ஸ்டீபனுக்கு இதெல்லாம் தெரியாது. அவனுக்கு அவள் ஒரு பெட்டி. தினமும் ஒரு தடவையாவது அந்தப் பெயரை யாரோ ஒருத்தர் சாதாரணமாகச் சொல்லி நான் கேட்கிறேன். அதற்காகத்தான் ஒரு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டு வருகிறேன்.

நவம்பர் 6, வியாழன்

லேசான வெயில். பல்பு, தைலம் வாங்கியாச்சு. வீட்டில் துணி இன்னும் காயவில்லை, ஈர வாடை.

ஞாயிறு வேலைக்கு ஒத்திகை.
- பொதுப் பெயர்ச் சேவையிலிருந்து (பெ. சேவை) பெயர்களை நகல் எடு.
- அரி. பெட்டிகள் தனி, பெரம். பெட்டிகள் தனி.
- அரி. நகலை ஸ்டீபனுக்கு அனுப்பு.
- மென்பொருளை நிறுத்து. இனி சொந்த டிஸ்க்கில் பார் என்று சொல்லிக்கொடு. மறுபடி ஓட்டு.
- எல்லாம் சரியென்றால் பெ. சேவையை அணை.

ஸ்டீபனுக்கு ஒரே சந்தோஷம். "இனிமே உங்க பெட்டி எங்களுக்குத் தெரியாது, எங்க பெட்டி உங்களுக்குத் தெரியாது. டெய்லி போன் போட்டு உங்களத் தொந்தரவு பண்ண வேண்டியதில்லக்கா."

தொந்தரவு ஒன்றும் இல்லை என்றேன்.

"உங்க கம்ப்யூட்டர்ல நீங்க என்னா பேரு வேணா வெச்சுக்கலாம்கா. வேற யாருக்கும் தெரியாது."

வேற யாருக்கும் தெரியாது என்றால் எனக்கு அது எதற்கு? எரிச்சலாக வந்தது. பாவம், அவன் மேல் ஏன் எரிச்சல் என்று போனை வைத்த பிறகு நினைத்தேன்.

பஸ்ஸில் பின் சீட்டில் ஒரு அம்மா போனில்: "சோறு வடிச்சிட்டேன், குழம்பு நீ வெய்யி, உப்பு அள்ளிக் கொட்டாத." அரியலூர் வரை இதே.

நவம்பர் 9, ஞாயிறு

மப்பும் மந்தாரமும். ஆபீசில் நான் மட்டும். வாட்ச்மேன் டீ வாங்கித் தந்தார், சர்க்கரையே இல்லை.

நகல் எடுத்தாச்சு. அரி. பெட்டிகளைப் பிரித்தேன். ரித்திகா வந்ததும் கை நின்றுவிட்டது. அவளை அரியலூர்ப் பக்கம் போட்டால் என் திரையில் இனி வரமாட்டாள். ஸ்டீபனும் போன் பண்ணப் போவதில்லை. அவ்வளவுதான், அதோடு முடிந்தது.

பெரம்பலூர்ப் பக்கம் போட்டுக்கொண்டேன். தப்பு என்று தெரிந்தே செய்தேன். அரியலூருக்கு அனுப்பியதில் அவள் இல்லை. யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை என்று நினைத்தேன்.

மென்பொருளை மறுபடி ஓட்டியதும் எல்லாப் பெயரும் சாம்பல் நிறம். அப்புறம் ஒவ்வொன்றாகப் பச்சை. அப்துல், ஹரிணி, பிரவீன். அவள் கடைசி. இவ்வளவு நேரமா என்று திட்டினேன், வாய்விட்டு. வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

பெ. சேவையை அணைத்தேன். முன்பெல்லாம் ஒரு சர்வர் போனாலும் மற்ற இரண்டு ஊரில் பெயர் இருக்கும். இப்போது இந்த ஒரு டிஸ்க்தான். வாரம் ஒரு தடவை காப்பி எடுக்கச் சொல்லணும், மறக்கக் கூடாது.

நவம்பர் 11, செவ்வாய்

மழை. ஸ்டீபன் போன் இல்லை, நேற்றும் இல்லை. ரித்திகா பச்சையாகத்தான் இருக்கிறாள். ஆனால் நான் மட்டும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கண்ணுக்குத் தெரிகிறது, காதில் விழவில்லை. கேட்டுப் பழகிவிட்டது, என்ன செய்ய.

இட்லி மாவு புளித்துவிட்டது. தோசை.

நவம்பர் 12, புதன்

திருச்சிக்கு அனுப்பிவிட்டார்கள், பழைய சர்வரை ஒப்படைக்க. நாள் முழுக்க அங்கே. கையெழுத்து, காத்திருத்தல், கையெழுத்து.

வீட்டுக்கு வந்தால் வாசலில் எதிர்வீட்டு சபீரா அக்கா. முகம் சிவந்திருந்தது.

"ஏம்மா கலா, காலைலேர்ந்து தெரு பூரா நெட் இல்ல. என் மவன் ரியாத்துல இன்னிக்கு ஒருநா லீவு போட்டு ஒக்காந்திருந்தான்மா, புள்ள மூஞ்சியப் பாக்க. இன்னிக்குத்தானே ஆஸ்பத்திரிலேர்ந்து தூக்கியாந்தோம். மொபைல்ல காட்டுனா கட்டம் கட்டமா வருது. யா அல்லா, அழுவுறான்மா அவன்."

உள்ளே இவர்: "ஒங்க ஆளுங்க எல்லாம் தூங்குறீங்களா?"

உடனே ஸ்டீபனைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து தெருக்காரர்கள் போன் மேல் போனாம். "எங்க ஸ்கிரீன்ல எல்லாமே பச்சையா இருக்குக்கா. அவங்க ரித்திகா ரித்திகாங்குறாங்க, அந்தப் பெட்டி இப்ப எங்க லிஸ்ட்லயே இல்ல. விட்டுப்போச்சாக்கா?"

பெரம்பலூரில் இன்று என் சீட்டில் இருந்த பெண், ரித்திகா சிவப்பாக மாறியதைப் பார்த்திருக்கிறாள். விலாசம் அரியலூர் என்று இருந்ததால், நம்முடையது இல்லை என்று விட்டுவிட்டாள். அவள் மேல் தப்பே இல்லை.

ஸ்டீபனே வந்து அடாப்டர் மாற்றிவிட்டுப் போனான். அதற்குள் சபீரா அக்கா மகன் தூங்கப் போய்விட்டான், விடிந்தால் டியூட்டி. செத்துப்போன என் பிள்ளையின் பெயரைப் பதுக்கி வைத்து, பிறந்த பிள்ளையை அதன் அப்பன் பார்க்கவிடாமல் பண்ணிவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் என்ன காரணம் என்று சொல்லவில்லை. மன்னிச்சுக்குங்க என்று மட்டும் சொன்னேன். "நீ என்னா பண்ணுவ, மிஷினு" என்றார்.

நவம்பர் 13, வியாழன்

வானம் வெளுத்திருக்கிறது. போனதும் முதல் வேலையாக ஸ்டீபனுக்குப் போன்.

"விட்டுப்போகல ஸ்டீபன். நான்தான் எடுத்து வெச்சுக்கிட்டேன்."

"ஏங்க்கா?"

"என் பொண்ணு அவ."

மீதியை எப்படியோ சொன்னேன்.

"எனக்குத் தெரியாதுக்கா. நான் பாட்டுக்கு டெய்லி போயிட்டா, போயிட்டான்னு…"

"வந்துட்டான்னும் சொல்லுவியே" என்றேன்.

அவன் அழுதானா மூக்கை உறிஞ்சினானா தெரியவில்லை. பெயரை அவன் பக்கம் அனுப்பி, வந்துவிட்டது என்று அவன் சொன்ன பிறகு என் பக்கம் நீக்கினேன். நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பிரவீனுக்கும் சஞ்சனாவுக்கும் நடுவில் இருந்த வரி போய், அவர்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்து வந்துவிட்டார்கள்.

மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். ஏதோ பேச ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டு, "லீவு வேணும்னா எடுத்துக்கம்மா" என்றார். வேண்டாம் என்றேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய?

நவம்பர் 14, வெள்ளி

ஸ்டீபன் போன். வேலை எதுவும் இல்லை, சும்மா.

"அக்கா, உங்க வூட்டுப் பெட்டி நல்லா இருக்குக்கா."

"பேரு மாத்திட்டியா?"

"இல்லக்கா. அப்படியேதான் இருக்கு."

அந்தப் பெயரை மட்டும் சொல்லவில்லை. சொல்ல மாட்டான் இனிமேல். நல்ல பையன், எனக்கு வலிக்கக் கூடாது என்று நினைக்கிறான். அவனிடம் சொல்லியிருக்கவே கூடாது. தெரியாதவனாக இருந்தவரைக்கும்தான் அவன் வாயில் அவள் பெயர் வந்தது.

சபீரா அக்கா மகன் நேற்று பிள்ளையைப் பார்த்துவிட்டானாம், தெளிவாக. எனக்கு மைசூர்பாகு கொடுத்தனுப்பினார். இறங்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

விடாத மழை. துணி துவைக்கவில்லை. மதியம் கத்தரிக்காய் குழம்பு.

இவர் ஏதோ படம் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் நின்றுவிட்டது.

"ஒங்க ஆபீசுக்குப் போன் போடு."

"இப்ப அது எங்க ஆபீஸ் இல்லங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. அரியலூர் ஆபீசுக்கு நீங்களே போடுங்க, நம்பர் பிரிட்ஜ்ல ஒட்டியிருக்கு."

முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"ஹலோ. நெட் வரலங்க… ஆமாங்க, மூணாவது கிராஸ்… பேரா, என் பேருங்களா?… பெட்டி பேருங்களா."

குழாயை மூடினேன். மழைச் சத்தம் மட்டும்தான். போனை வைத்துவிட்டு வெளியே போய்விடுவார் என்று நினைத்தேன்.

"ரித்திகா" என்றார்.

அந்தப் பக்கம் கேட்கவில்லை போல. சத்தமாக: "ரித்திகாங்க. ரித்திகா. ஆமாங்க."

வைத்துவிட்டார். "மழை விட்டதும் ஆள் வருதாம்" என்றார், என்னைப் பார்க்காமல். நாற்காலிக்குப் போகவில்லை. பிரிட்ஜ் பக்கத்திலேயே நின்றார். நான் அரிசியைத் திரும்பத் திரும்பக் களைந்தேன், தண்ணீர் தெளிந்த பிறகும்.

கொஞ்ச நேரத்தில் அலமாரி மேல் ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்தது. நான் பார்த்தேன். அவருக்கும் நேர் எதிரில்தான் அது.

"இன்னும் வரலையே" என்றார். "இன்னொரு தடவ சொல்லிப் பாக்கறேன்."

சொல்லுங்க என்றேன்.