உன் அம்மாவின் நாலரை மணி

அன்பு மகளுக்கு,

அம்மாவும் நானும் நல்லபடியாக இருக்கிறோம், அவள் அந்த மறதிநோய் இல்லத்தில், நான் நம் வீட்டில், குறை என்றால் அது ஒன்றுதான். நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் சுகம்தானே. முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதற்குள். அம்மா இருக்கும் மாடிக்குப் புதிதாக ஒரு தலைமை நர்ஸ் வந்திருக்கிறாள், ஒல்லியான பெண், குரலை உயர்த்தவே மாட்டாள், நான் வைத்திருக்கும் பெயர் டீச்சர். இரண்டு வாரத்துக்கு முன் அவள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு நோட்டைப் பிரித்துக் காட்டினாள். அம்மா கத்திய, கையை ஓங்கிய, கதவை உலுக்கிய ஒவ்வொரு தடவையும் அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறாள். மொத்தம் பதினான்கு வரி. அதில் ஒன்பது வரியில் ‘கணவர் வந்திருந்தார்’ என்று இருந்தது. எட்டாம் வகுப்பில் மார்க் அட்டையோடு நின்ற அதே நிலைமை எனக்கு. எதிர்த்துப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன், அவள் அம்மாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது அம்மாவுடையதே இல்லையாம், பக்கத்துக் கட்டில் அம்மாளுடையதாம். ஒரு வாரமாக அதைத் துடைத்துத் துடைத்து உன் அம்மா மூக்கில் மாட்டிவிட்டவன் சாட்சாத் உன் அப்பன்தான்.

போன மாதக் கடைசியில் அம்மா ஒரு ஆயாவின் கையைப் பிறாண்டிவிட்டாள், டாக்டர் இரண்டு வாரம் கெடு வைத்தார், அதற்குள் அடங்காவிட்டால் பழையபடி அந்த மாத்திரையை ஆரம்பிக்க வேண்டியதுதான் என்றார், இதெல்லாம் உனக்குத் தெரியும். குடுத்துடலாம்ப்பா, அம்மாவாவது நிம்மதியா இருப்பாங்க என்று நீ போனில் சொன்னாய். உன்மேல் தப்பில்லை கண்ணு, அங்கிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஆனால் போன வருஷம் அதைக் கொடுத்தபோது பார்த்தவன் நான். பகல் முழுக்க நாற்காலியில் தலை தொங்கிக் கிடந்தாள், ஸ்பூனை வாயருகே கொண்டுபோனால் எதற்கு என்று தெரியாமல் பார்த்தாள், ஒருநாள் எழுந்து நிற்கப்போய் விழுந்து இடுப்பு நீலம் பூத்துவிட்டது, டாக்டரே பயந்து நிறுத்தினார். அது நிம்மதி இல்லையம்மா, ஆளே இல்லாமல் போவது. டீச்சர் மாத்திரைக்கு விரோதி இல்லை, சிலருக்கு அது தேவைப்படும், ஆனால் கத்துவதற்குக் காரணம் என்ன என்று முதலில் தேடிவிட வேண்டும் என்கிறாள். வாயால் சொல்ல முடியாதவர்களுக்குக் கத்துவது ஒன்றுதான் பாஷையாம்.

தேடினாள் பார், நானும் நாற்பது வருஷம் குடித்தனம் செய்தவன், எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகியிருந்தது, அதைப் பிடுங்கினார்கள், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவது அன்றோடு நின்றது. குளியலறைக்குள் நுழைந்தாலே அடிப்பாளே, தலையில் திடுமென்று தண்ணீர் விழுவதுதான் பயமாம். இப்போது பெரிய துண்டால் மூடிவிட்டு, வெந்நீரைப் பாதத்திலிருந்து மெதுவாக ஊற்றிக்கொண்டே மேலே வருகிறார்கள். பிறாண்டல் பட்ட அதே ஆயாதான் குளிப்பாட்டுகிறாள், பழசை மனசில் வைத்துக்கொள்ளவில்லை, அவளுக்கும் ஒரு கும்பிடு போட வேண்டும். எல்லாம் சரியாகி, சாயங்காலம் நாலரை மணி மட்டும் மிஞ்சியது. அந்த நேரம் வந்தால் எழுந்துவிடுவாள், வாசல் கதவைப் பிடித்து உலுக்குவாள், விடுங்க நான் போகணும் என்று ஒரே கூச்சல். நாலரைக்கு அப்படி என்ன என்று டீச்சர் கேட்டாள். ஒன்றுமில்லை, டீ குடிப்போம் என்றேன். வீடு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது. ரெடிமேட் சட்டைக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம், தைத்ததில் பழுது பார்க்கும் செக்கிங்கில் இருந்தாளே, ஷிப்ட் முடிவது நாலரைக்கு. அடுத்த ஷிப்ட்காரி வந்து துணிக்கட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால்தான் இவள் கிளம்ப முடியும்.

மறுநாள் நாலே கால் மணிக்கு டீச்சர் துவைத்த தலையணை உறைகளை ஒரு கூடை நிறைய அம்மா முன்னால் வைத்தாள். உன் அம்மா ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே புரட்டி, தையலை விரலால் நீவிப் பார்த்து, நல்லது ஒரு பக்கம், பழுது ஒரு பக்கம் என்று அடுக்கினாள். நாலரைக்கு டீச்சர் நோட்டோடு வந்து நின்று, “அக்கா, உங்க ஷிப்ட் முடிஞ்சுது, நான் பாத்துக்கிறேன்” என்றாள். அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீ புதுசா? இந்த மூலையில நூல் தொங்குது பாரு, கண்ணை வீட்டிலேயே வெச்சுட்டு வந்துட்டியா” என்றாள். அந்த மாடிக்கே அதிகாரியான பெண் தலையைக் குனிந்துகொண்டு, இனிமே பாத்து செய்யறேன் அக்கா என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். உன் அம்மா கதவுப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து டீ குடித்தாள். இரண்டாம் நாள் நான் சும்மா இருந்திருக்கலாம். அவள் கம்பெனிப் பேச்சை எடுத்ததும் உண்மையைச் சொல்கிறேன் பேர்வழி என்று, எந்தக் கம்பெனிடி, அதை மூடிப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு என்றேன். டம்ளர் பறந்தது, அப்புறம் அப்படி ஓர் அழுகை. டீச்சர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், “ஐயா, நீங்க சொல்றது நிஜம்தான். ஆனா அந்தக் கம்பெனி மூடினதை அவங்க ஒவ்வொரு தடவையும் புதுசா கேக்குறாங்க” என்றாள். அந்த ஒன்பது வரிக்கும் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. பொய் சொல்ல வேண்டாம், திருத்தாமல் இருங்க, வேலையைப் பத்தி ஏதாவது கேளுங்க, அது போதும் என்றாள். அன்றிலிருந்து நானும் பக்கத்தில் உட்கார்ந்து உறை மடிக்கிறேன், என் மடிப்பைப் பிரித்துப்போட்டு மறுபடி மடிக்கச் சொல்கிறாள்.

நேற்று கெடு முடிந்தது. டாக்டர் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, புதன்கிழமை வேறொரு ஆள் கூடையைக் கொண்டுவர மறந்துபோய் ரகளை ஆகிவிட்டது. இனி நீ கூப்பிடுவதானால் இங்கே காலை பதினோரு மணிக்குக் கூப்பிடு, அம்மா தெளிவாக இருக்கும் நேரம் அது. ‘நான் யாருன்னு தெரியுதாம்மா’ என்று மட்டும் கேட்காதே, காலர் தையல் எப்படிப் பார்ப்பது என்று கேள், கால் மணி நேரம் உன்னைத் திட்டித் திட்டிச் சொல்லித்தருவாள். டீச்சருக்கு உன் கையால் நான்கு வரி நன்றி எழுதிப்போடு, என் எழுத்து அவளுக்குப் புரியாது. மாப்பிள்ளை முதுகுவலியோடு வண்டி ஓட்ட வேண்டாம். சின்னவள் பல்லைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு நீண்டகாலம் இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் கேட்டுக்கொள்கிறேன்.

நேற்றுச் சாயங்காலம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். கூடையை ஒப்படைத்துவிட்டு அம்மா டீச்சரிடம், எங்க வீட்டுக்காரர் கேட்ல சைக்கிளோட நிப்பாரு, லேட்டானா மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவாரு, ஆனா மழை பேஞ்சாலும் நிப்பாரு பாவம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, நீங்களும் கிளம்புங்க, உங்க வீட்ல தேட மாட்டாங்களா என்றாள், மரியாதையாகத்தான். சரிங்க என்று எழுந்தேன். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டே மாடிப்படி இறங்கினேன்: கேட்ல நின்னது போதும்னுதான்டி உள்ளேயே வந்து உக்காந்திருக்கேன்.

இப்படிக்கு,
உறை மடிக்கப் பழகும்
உன் அப்பா