ஜாஸ் கூடத்துக்கு வெளியே ஒரு கார்

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு

இன்றும் ஐந்து மணிக்கே வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியாயிற்று. சோவெட்டோவின் ஆகஸ்ட் குளிர்காலத்துச் சூரியனுக்கு அப்படி என்ன அவசரமோ. துக்கத்துக்குக் கறுப்பு உடுத்தியவள் அது மறைவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போகக் கூடாது, உரக்கச் சிரிக்கக் கூடாது, வீட்டில் பாட்டுப் போடக் கூடாது. என் வீட்டுக்காரர் செசாபா போய்ப் பதினோரு மாதம். செப்டம்பர் 9 விடியற்காலை அவர் வீட்டார் வந்து என்னைக் குளிப்பாட்டி, இந்தக் கறுப்பை எரித்து, புதுத்துணி கொடுப்பார்கள். அதோடு முடிந்தது. இன்னும் முப்பத்துநான்கு நாள்.

மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் கொல்கிறது. மூன்று தெரு தள்ளி ஜாஸ் சங்கத்துக் கூடம். காற்று இந்தப் பக்கம் அடித்தால் ட்ரம்ஸ் மட்டும் கேட்கிறது, ட்ரம்பெட் கேட்பதில்லை. பாதிச் சாப்பாட்டில் தட்டைப் பிடுங்குகிற மாதிரி.

பதினெட்டு வருடம் நானும் அவரும் ஒரு ஞாயிறு தவறவிட்டதில்லை. அவரவர் இசைத்தட்டைக் கொண்டுபோக வேண்டும். தட்டு சுழல ஆரம்பித்ததும் அதற்குரியவர் மட்டும் நடுவில் வந்து ஆட வேண்டும். ஷூ பளபளக்காவிட்டால் அபராதம். இப்போது அவருடைய தட்டுப் பெட்டி சோட்வாவிடம் இருக்கிறது. என் சிநேகிதி, சங்கத்துக்குச் செயலாளர். வீட்டில் போடக் கூடாதென்றால் கூடத்திலாவது பாடட்டும் என்று நானேதான் தூக்கிக் கொடுத்தேன். இப்போது கேட்கிறவர்கள் மேலெல்லாம் பொறாமையாக இருக்கிறது.

ஆகஸ்ட் 9, புதன்

மகளிர் தினம், விடுமுறை. சோவெட்டோவே வெளியே கிளம்பிப் போய்விட்டது. நான் அலமாரியைத் துடைத்தேன். மேல்தட்டு, கீழ்த்தட்டு, மறுபடி மேல்தட்டு.

ஆகஸ்ட் 11, வெள்ளி

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்கு மதியம் சோட்வா வந்தாள். செப்டம்பர் கடைசி விடுமுறைக்குச் சங்கம் டர்பன் போகிறதாம், பஸ் பேசியாயிற்றாம். அங்கே கடற்கரையோரம் ஒரு கூடத்தில் அந்த ஊர்ச் சங்கத்தோடு சேர்ந்து இரண்டு நாள் ஆட்டம்.

"உன் பேரை எழுதிட்டேன். அதுக்குள்ள கறுப்பு கழட்டிடுவேல்ல?"

"சத்தம் போடாதடி, வரிசையில ஆள் நிக்குது."

"நிக்கட்டும். அவங்களும் வரட்டும், பஸ்ல இடமிருக்கு."

சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு. இரவு பத்தரை

செய்துவிட்டேன்.

ஏழு மணிக்குக் காற்று திரும்பி ட்ரம்ஸ் வந்தது. அந்தத் தாளம் எனக்குத் தெரியும், அவருடைய தட்டு, இரண்டாம் பக்கத்து மூன்றாவது பாட்டு. யோசிக்கவேயில்லை. சாவியை எடுத்தேன், காரைக் கிளப்பினேன், கூடத்துக்கு எதிரே வேலியோரம் நிறுத்தினேன். இறங்கவில்லை. சத்தியமாக இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினேன், அவ்வளவுதான். ட்ரம்பெட் உள்ளே வந்தது. அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. கால் தானாக பிரேக் மேல் தாளம் போட்டது.

எட்டு மணிக்கு எங்கள் வட்டாரத்துக்கு மின்வெட்டு. பாட்டு நடுவில் அறுந்தது. உள்ளே இருந்தவர்கள் விடுவார்களா? விட்ட இடத்திலிருந்து வாயாலேயே ஊதித் தள்ளினார்கள், ஐம்பது பேரும் ட்ரம்பெட்! நான் காருக்குள் தனியாக, சத்தமாக, சிரித்தேன்.

அப்புறம் எல்லோரும் போன் வெளிச்சத்தோடு வெளியே வந்தார்கள். பயந்துபோய் இருக்கையில் சரிந்துகொண்டேன். ஒரு வெளிச்சம் என் கார் மேல் கொஞ்ச நேரம் நின்றது மாதிரி இருந்தது. யாரும் கூப்பிடவில்லை. வந்துவிட்டேன்.

தப்பா? அவரை நினைத்துப் போனேனா, இல்லை ஆட்டத்தை நினைத்துப் போனேனா? இரண்டும் வேறு வேறா என்ன?

ஆகஸ்ட் 17, வியாழன்

யாரோ பார்த்துவிட்டார்கள்.

மொகாலே பெரியப்பா போன் செய்தார். செசாபாவின் பெரியப்பா, அந்த வீட்டில் எதற்கும் அவர் சொல்தான் கடைசி. குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயம்.

"அம்மா மொசிடி, ஞாயித்துக்கிழமை பொழுது சாஞ்சப்புறம் அந்தக் கூடத்துப் பக்கம் நின்னியாமே?"

"பெரியப்பா..." என்றேன்.

"போன்ல வேண்டாம். இந்த ஞாயிறு மதியம் எங்க வீட்டுக்கு வா. உன் நாத்தனாரையும் வரச் சொல்லியிருக்கேன்."

நடுவில் துக்கம் காக்கத் தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெரியப்பாவின் தங்கைக்கு அப்படித்தான் ஆயிற்று, எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வருடம். ஐயோ, இன்னொரு வருடம் என்னால முடியாது. ஆஸ்பத்திரியில மருந்து வாங்க வர்றவங்க கார்டைக்கூட என் கையில குடுக்காம மேசை மேல வச்சுட்டுப் போறாங்க, கறுப்புல கை பட்டா ஒட்டிக்குமாம். ஒட்டட்டுமே! எந்தப் புண்ணியவதி கண்ணுல பட்டேன் நான்?

ஆகஸ்ட் 19, சனி

டர்பன் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். சோட்வா, "பேனாவுல எழுதிட்டேன், அழியாது" என்றாள். இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதியாக வேண்டும்.

பெரியப்பா நடு நாற்காலியில். அவருக்கு வலப்பக்கம் டிகெலெடி அக்கா, செசாபாவின் அக்கா, என் நாத்தனார். தேவாலயத்துப் பெண்கள் சங்கத்தில் முன்வரிசை. ஆட்டமென்றால் முகத்தைச் சுளிப்பவர். எங்கள் கல்யாணத்திலேயே, பாட்டு ஆரம்பித்ததும் பாத்திரம் கழுவப் போய்விட்டவர். எனக்குப் பேச ஒரு ஆள் இல்லையே என்றிருந்தது.

பெரியப்பா கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். "நின்னேன் பெரியப்பா. கார்லதான். இறங்கலை. அவரோட பாட்டு ஓடிச்சு, கேட்டேன். கரண்ட் போனதும் வந்துட்டேன்."

"ஒத்துக்கிட்டியே, நல்லது. வழக்கம் என்னன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா யார் பார்த்தாங்கன்னு தெரிஞ்சுக்கலாமா?"

"அதுல என்ன ஒளிவு? டிகெலெடிதான் பார்த்தா. அவளே என்கிட்ட போன்ல சொல்லி வருத்தப்பட்டா."

அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

பெரியப்பா தொண்டையைச் செருமினார், தீர்ப்புச் சொல்லப்போகிற மாதிரி. செருமியவர் அப்படியே நின்றுவிட்டார். மெதுவாகத் தலையைத் திருப்பினார்.

"ஏன் டிகெலெடி, ராத்திரி எட்டு மணிக்கு அங்க நீ என்ன பண்ணிட்டு இருந்தே?"

கைப்பைக்குள் கை நின்றுவிட்டது.

"நானா? அது... சோட்வாவோட பாத்திரம் ஒண்ணு எங்க வீட்ல கிடந்துச்சு. குடுக்கப் போனேன்."

"ஜாஸ் கூடத்துக்கா?"

"அவ அங்கதானே இருப்பா."

"கரண்ட் இல்லாத நேரத்துல, எதிர்ப்பக்கம் வேலியோரம் நிக்கிற கார் தெரிஞ்சுதாக்கும்?"

"போன் லைட் அடிச்சேன்." சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. "எல்லாரும் வெளிய வந்தோம்ல, அப்ப..."

"எல்லாரும் வந்தோமா? அப்ப நீ உள்ள இருந்திருக்கே."

பெரியம்மா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தார், கையில் கஞ்சி கிளறுகிற கட்டையோடு. அவர்தான் முதலில் சிரித்தார். "சனி ஞாயிறெல்லாம் நோயாளி பார்க்கப் போறேன்னு சொன்னியே டிகெலெடி, நோயாளிக்கு இப்ப கால் நல்லா ஆடுதா?"

அக்கா முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா தெரியவில்லை. எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதுகொண்டுதான் இருந்தார்.

"என் தம்பி பாட்டு வேற எங்கயும் கேக்கலையே மொசிடி. உன் வீட்ல போடக் கூடாது, என் வீட்ல பாட்டுப் பொட்டி இல்ல. மூணு மாசமா போறேன். சோட்வாகிட்ட சத்தியம் வாங்கியிருக்கேன். உன்னைப் பார்த்ததும் ஒரே கோபம் வந்துச்சு. அது எதுக்குன்னு எனக்கே தெரியல. யார்கிட்டயாவது சொன்னா ஆறும்னு இவர்கிட்ட சொன்னேன், பாவி."

பெரியப்பா சொன்னார்: "கூடப்பிறந்தவளுக்கும் துக்கம் உண்டு, இவளுக்கு முதல்லேர்ந்துன்னா உனக்கும் முதல்லேர்ந்துதான். ரெண்டு பேருக்கும் சேர்த்து வருஷம் காக்கச் சொல்ல எனக்கு ஆயுசு இல்ல. ஒன்பதாம் தேதி ஒன்பதாம் தேதிதான். விருந்து ஆட்டுக்குக்கூடச் சொல்லியாச்சு." எழுந்து கைத்தடியை எடுத்தவர் திரும்பினார். "எந்தப் பாட்டு அது?"

நான் சொன்னேன். "ஆமா, அது நல்ல பாட்டுதான்" என்று முனகிக்கொண்டே உள்ளே போனார்.

அப்பாடா. அப்பாடா. அப்பாடா.

ஆகஸ்ட் 21, திங்கள்

விடிய விடியத் தூங்கினேன். சோட்வாவைக் கூப்பிட்டு நன்றாகத் திட்டினேன், மூன்று மாதம் மறைத்ததற்கு. "சத்தியம்னா சத்தியம்தான்டி" என்றாள். பெயரை அடிக்கவேயில்லையாம்.

செப்டம்பர் 9, சனி

நாலு மணிக் குளிர், நாலு வாளித் தண்ணீர். அக்காதான் தலையில் ஊற்றினார். பல் கிட்டித்தது. கறுப்பு, தொப்பி, சால்வை, எல்லாம் நெருப்பில் போயின. புகை கண்ணில் பட்டதென்று எல்லோரும் அழுதோம். புதுத்துணியை அக்காவே தேர்ந்தெடுத்திருந்தார். நல்ல மஞ்சள். அவர் கட்டுகிற நிறமே இல்லை.

மதியம் ஆட்டுக்கறி, கூழ், புளித்த பீர். வந்தவர்கள் எல்லோரும் கை கொடுத்தார்கள். ஒவ்வொரு கையும் சூடாக இருந்தது. அவரைப் புதைத்த அன்றுகூட நான் இவ்வளவு அழவில்லை. இது வேறு அழுகை.

செப்டம்பர் 10, ஞாயிறு

கூடத்துக்குப் போனேன். வாசல் வழியாக, நேராக. எல்லோரும் எழுந்து நின்றார்கள். என் தட்டைப் போட்டார்கள். நடுவில் போய் நின்றேன், கால் எழும்பவில்லை. ஒரு அடிகூட. பாட்டு முடிகிறவரை நின்றுவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஷூ துடைக்க மறந்ததற்கு மட்டும் அபராதம் போட்டார்கள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

இன்றும் அதே கதை. கால் போய்விட்டதா? வருடம் முழுக்க அடக்கி அடக்கி அதற்கே மறந்துபோயிற்றா? பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 22, வெள்ளி

பஸ் நாளை காலை ஐந்துக்கு. இரவு பத்து மணிக்கு அக்கா ஒரு பெட்டியோடு வந்து நிற்கிறார். "நானும் வர்றேன். சர்ச்சுல என்ன சொல்றதுன்னு கேக்காத, கடல் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டேன். கடல் இருக்குல்ல அங்க?"

"இருக்கு அக்கா."

"அப்புறமென்ன, பொய்யில்லையே."

செப்டம்பர் 25, திங்கள். டர்பன்

காலை பத்து மணி, குரல் போய்விட்டது, கணுக்கால் வீங்கியிருக்கிறது. ரொட்டிக்குள் கறி ஊற்றியதைக் கடலைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே எழுதுகிறேன், பக்கமெல்லாம் குழம்பு.

நேற்று இரவு கூடம் நிரம்பி வழிந்தது. என் முறை வந்தது. தட்டு சுழன்றது. நான் நின்றேன், பழையபடி. அப்போது அக்கா, யாரும் அழைக்காமல், விதியெல்லாம் மீறி நடுவுக்கு வந்துவிட்டார். தோளைக் குறுக்கி, முழங்காலை மடக்கி, ஆட்டம் என்று சொல்லவே முடியாத ஒன்று. சின்ன வயதில் அக்கா ஆடியதைச் செசாபா கிண்டல் செய்து ஆடிக்காட்டுவாரே, அச்சு அசல் அதேதான். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே, "அப்படியில்ல அக்கா, இப்படி" என்று காட்டினேன். காட்டின பிறகுதான் தெரிந்தது, ஆடிக்கொண்டிருக்கிறேன் என்று.

பாட்டு முடிந்ததும் டர்பன் சங்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து கை கொடுத்தார். "இந்த அடியை எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"என் வீட்டுக்காரர் கத்துக் குடுத்தது."

"அவர் வந்திருக்காரா?"

"இல்லீங்க, அவர் போயிட்டார். அவரோட அக்கா வந்திருக்காங்க, அதோ."

அக்கா ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அபராதம் கேட்க வந்த சோட்வாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.