தேவராசா குடித்திருக்கவில்லை

அன்பு மச்சான் தேவா,

வண்டி ஓடுகிறது. முதல் செய்தியாக இதைத்தான் கேட்பாய் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எல்லோரும் சுகமா என்று நீ ஒருநாளும் முதலில் கேட்டதில்லை. "என்ன மச்சான், ஸ்டார்ட் வருதோ?" என்றபடிதான் படலையைத் திறப்பாய். வருகிறதடா. மூன்றாவது உதையில் வருகிறது. உன் கால் பட்டிருந்தால் முதல் உதையிலேயே வந்திருக்கும்.

இன்னொரு செய்தியும் இருக்கிறது. அதற்காகத்தான் இதைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். உனக்கு மட்டும் சொல்வதென்றால் உன் ஊரான சல்லியின் சுடலையில் போய் நின்று சொல்லியிருப்பேன். இதை ஊரும் கேட்க வேண்டும்.

உன்னைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். நீ மலேரியா ஓவசியர். தம்பலகாமப் பக்கத்துக் குளத்தோரக் குடியிருப்புகளுக்குப் போய், காய்ச்சல்காரர்களின் விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி எடுத்து வருவது உன் வேலை. குத்துமுன் விரலைத் துடைக்க ஒரு போத்தல் ஸ்பிரிட் எப்போதும் உன் பையில் இருக்கும். இந்த ஸ்பிரிட்டை வாசிக்கிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

நான் துறைமுக வேலைத்தலத்தில் இயந்திரம் பூட்டுகிற பிட்டர். கிண்ணியாக்காரன். வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போனபோது ஏலத்தில் தள்ளிய இரும்புக் குவியலுக்குள், பச்சை நிறம் உரிந்துபோன ஒரு உலக யுத்த காலத்து மோட்டார் சைக்கிள் கிடந்தது. அதன் ஒரு பிடியில் நீ கை வைத்தாய், மற்றப் பிடியில் நான் கை வைத்தேன். "விடு, நான்தான் முதலில கண்டனான்" என்றாய். நானும் விடவில்லை. அப்படித்தான் நமக்குள் பழக்கம் வந்தது. இருவருமாக அதை எடுத்து, இருவருமாகப் பூட்டி, கடைசியில் உனக்கு வேலை கிடைத்ததும் அது உன்னுடையதானது. நான் அதன் வைத்தியன். இருபது வருடம் அப்படியே போனது.

உனக்கு அந்த வண்டியில் ஒரேயொரு குறை. உன் மனைவி மங்கை அதில் ஒருநாளும் ஏறவில்லை. பின்னால் இருந்தால் தலை சுற்றும் என்பாள். "ஒரு சைட்கார் பூட்டித் தா மச்சான். மங்கையை ராசாத்தி மாதிரி இருத்தி நிலாவெளிக்குக் கொண்டு போறன்" என்று எத்தனை தரம் கேட்டிருப்பாய்? வண்டியின் பக்கத்தில் ஒட்டி ஓடுகிற ஒற்றைச் சில்லு இருக்கைப் பெட்டி அது; இரத்தப் பரிசோதனைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் அதைக் கீறியும் தந்தாய். முன்பக்கம் வள்ளத்தின் அணியம்போல வளைந்திருக்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருந்தாய். இறக்குமதியைக் கட்டுப்படுத்தியிருந்த, சாமான் இல்லாத காலம். வெளிநாட்டிலிருந்து ஒன்றும் வராது. பாணுக்கே வரிசையில் நின்றோம். உன் வண்டியின் முன் பிரேக் கேபிள் அறுந்து இரண்டு வருடமாகியும் புதிது கிடைக்காமல், பின் பிரேக்கை மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்தாய். இதில் சைட்காருக்கு எங்கே போவது? "பிறகு பார்ப்பம்" என்றேன். எல்லாவற்றுக்கும் நான் அதைத்தான் சொன்னேன்.

நீ போன நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பட்டப்பகல். கண்டி வீதியில், தம்பலகாமச் சந்தியைத் தாண்டி, நெல்மூட்டை ஏற்றிய ஒரு ட்ராக்டர் பழுதாகி வீதியை அடைத்தபடி நின்றது. நீ போய் அதன் பெட்டியின் பின்பக்கத்தில் மோதினாய். வீதி நேராகக் கிடந்தது. தூரத்திலிருந்தே ட்ராக்டர் தெரியும். தாரில் டயர் தேய்ந்த அடையாளமே இல்லை. ஓடிவந்து தூக்கியவர்களுக்கு உன் சட்டையெல்லாம் ஸ்பிரிட் மணத்தது. பைக்குள் போத்தல் உடைந்திருந்தது. அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? "குடிவெறியில வந்து அடிச்சிருக்கிறான். பிரேக்கே பிடிக்கேல்லை" என்றார்கள். உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமுன் அந்தக் கதை சல்லிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஒரு காலத்தில் நீ குடித்தவன்தான். மங்கையின் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணி அதை விட்டிருந்தாய். அது எல்லோருக்கும் தெரியும். அதனால் கதை இன்னும் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

நானும் நம்பினேன், தேவா. இதை எழுதக் கை கூசுகிறது. செத்த வீட்டில் ஒரு மூலையில் நின்றுகொண்டு, ஏனடா குடித்தாய் என்று மனதுக்குள் உன்னோடு சண்டை பிடித்தேன்.

ஒரு வருடம் கழித்து உன்னைப் பெற்ற ஐயாவிடம் போனேன். நொறுங்கிய வண்டியைக் கிடுகு போட்டு வேலியோரம் மூடி வைத்திருந்தார். "ஐயா, இதைத் தாங்கோ. தேவா கேட்ட மாதிரி சைட்கார் பூட்டி, அவன்ர நினைவாத் திருத்தி எடுக்கப்போறன்" என்றேன். அவர் கிடுகை விலக்கிவிட்டார். "கொண்டு போ தம்பி. மங்கை காணாமல் கொண்டு போ" என்றார்.

வீட்டுக் கொட்டிலில் வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முன் சில்லைப் பிடிக்கிற போர்க்கு இரண்டாக மடிந்திருந்தது. பெற்றோல் டாங்கியில் பள்ளம். பின்பக்கம் ஒரு கீறலும் இல்லை. கடைசியாகப் பின் பிரேக்கை மிதித்துப் பார்த்தேன். கால் வெறுமனே கீழே போனது. குனிந்து பார்த்தால், பெடலிலிருந்து சில்லுக்குப் போகும் நீளக் கம்பி தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பெடலோடு சேர்க்கும் ஆணி இல்லை. ஆணி இருந்த இடத்தில், கிறீஸுக்குள் புதைந்து, விரல் நகமளவில் ஒரு துண்டுக் கட்டுக்கம்பி. தேய்ந்து அறுந்த கம்பி.

அந்தக் கம்பியை எனக்குத் தெரியும். நான் போட்டது.

நீ போவதற்கு முந்தின ஞாயிறு. பிரேக் தளர்ந்துவிட்டது என்று வந்தாய். இறுக்கித் தந்தேன். ஆணி கழலாமல் குறுக்கே குத்தி மடக்குகிற கம்பி ஊசி, நாங்கள் 'பின்' என்பது, உடைந்துவிட்டது. வேறு பின் என்னிடம் இல்லை. கட்டிடம் கட்டுகிறவர்கள் பாவிக்கிற மெல்லிய கட்டுக்கம்பியில் ஒரு துண்டை வெட்டி முறுக்கிவிட்டேன்.

"இது தாங்குமோ?" என்று கேட்டாய்.

"நாளைக்கு வேலைத்தலத்தில நல்லதொண்டு செய்து கொண்டாறன். நாளை பின்னேரம் வா."

"நாளைக்கு எனக்கு ஏலாது மச்சான். புதன்கிழமை வாறன்."

"அப்ப புதன் வா. அதுக்குள்ள ஒண்டும் ஆகாது."

திங்கட்கிழமை வேலைத்தலத்தில் அந்தப் பின்னைச் செய்ய மறந்தும் போனேன். செவ்வாய்க்கிழமை நீ போய்விட்டாய். அந்த ஒரு வருடமும் எனக்கு அந்தக் கம்பி ஞாபகம் வரவில்லை. வரவில்லையா, நான்தான் வர விடவில்லையா? மறுமையில் இதை என்னிடம் கேட்பார்கள்.

அன்று கொட்டில் நிலத்தில் இருந்து அழுதேன். அந்தத் துண்டை எடுத்துக் கடலில் எறிந்தால் ஆருக்குத் தெரியும் என்றும் யோசித்தேன். அதையும் உன்னிடம் மறைக்கக்கூடாது.

அடுத்த நாள் காலை சல்லிக்குப் போனேன். மங்கை முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் முஸ்லிம் முறையில் என்னை 'நானா', அண்ணா என்று கூப்பிடுகிறவள். ஐயா கதிரையில் இருந்தார்.

"தங்கச்சி, தேவா குடிக்கேல்லை" என்றேன். "பிரேக் விட்டுப்போச்சு. அந்தப் பிரேக் நான் செய்து குடுத்தது."

சுளகைக் கீழே வைத்தாள். கம்பியை அவள் கையில் கொடுத்து நடந்ததெல்லாம் சொன்னேன். உள்ளங்கையில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கம்பியோ, நானா?"

"ஓம்."

"அப்ப அந்த மணம்?"

"பைக்குள்ள இருந்த ஸ்பிரிட், தங்கச்சி. போத்தல் உடைஞ்சிருந்தது."

அவள் என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. "உடம்பை வளத்தாட்டினபோது நான் கிட்டப் போய் மணந்து பார்த்தனான்" என்றாள். "மணந்துபோட்டு முகத்தைத் திருப்பினனான். ஒரு வருசமா அவரை ஏசினன், நானா. படத்துக்கு ஒரு பூ வைக்கேல்லை. இனி இதை நான் ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?"

பிறகு அவள் அழுத அழுகையை என்னால் எழுத ஏலாது. ஐயா எழும்பி வந்து என் தோளைப் பிடித்து, "போ தம்பி. இண்டைக்குப் போ" என்றார்.

நான் வண்டியைத் தொடவில்லை. எந்த முகத்தோடு தொடுவது? துறைமுகத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தேன். தொழுகையில் உன் பெயரைச் சொல்லி உனக்காக இறைவனிடம் கேட்டேன். வேற்று மதத்தவனுக்கு அப்படிக் கேட்கலாமோ என்று மௌலவியிடம் விசாரிக்கப் பயமாக இருந்தது. விசாரிக்காமலே கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஐயா பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார்.

"உன்னோட கோவம் இல்லை எண்டு சொன்னா அது பொய்" என்றார். "ஆனா நீ வந்து சொல்லாட்டி என்ர பிள்ளை வெறியனாவே போயிருப்பான். மங்கை கேக்கிறாள், வண்டி முடிஞ்சுதோ எண்டு."

அதன் பிறகுதான் தொடங்கினேன். நீ கீறிய கடதாசியைக் கொட்டில் சுவரில் ஒட்டினேன். எண்ணெய்ப் பீப்பாவை வெட்டி விரித்து, தட்டித் தட்டி அணியம்போல வளைத்தேன். நாலு தரம் பிழைத்தது. குழாய்களை ஒட்டிச் சட்டம் செய்தேன். இருக்கைக்குத் தும்பு அடைத்து, மங்கைக்குத் தலை சுற்றாமலிருக்க முதுகுப் பக்கத்தை உயர்த்தினேன். நீ கேட்ட நீலம் அடித்தேன், மத்தியான நேரத்து உட்துறைமுகத்தின் நீலம். டாங்கியின் பள்ளத்தை மட்டும் தட்டி எடுக்கவில்லை. மூன்று சில்லுக்கும் பிரேக் வைத்தேன். இப்போது கடைகளில் சாமான் வருகிறது, தேவா. முன் பிரேக் கேபிள் வருகிறது. அந்தச் சின்னப் பின்னும் பெட்டி பெட்டியாக வருகிறது. ஒரு பெட்டி வாங்கினேன். கடைக்கு வெளியே அதைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வண்டியைச் சல்லிக்குக் கொண்டு போனேன். மங்கை சுற்றி வந்து பார்த்தாள். நீலத்தில் கை வைத்துப் பார்த்தாள். நிலாவெளிக்கு வருகிறாயா என்று கேட்டேன்.

"இல்லை, நானா. விழுந்த இடத்துக்குக் கொண்டு போங்கோ."

ஐயா என் பின்னால் ஏறினார். மங்கை சைட்காரில். சீனன்குடா தாண்டும்வரை இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தாள். பிறகு ஒரு கையை எடுத்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். தலை சுற்றவில்லை, மச்சான். நீ கீறியது சரி.

தம்பலகாமச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் தண்ணீர் குடிக்க நின்றோம். வண்டியைப் பார்க்க ஆட்கள் கூடினார்கள். கடைக்காரர், "இதே மாதிரி ஒண்டிலதான் ஒரு மலேரியாக்காரர் வந்து அடிச்சவர். நல்ல மனுசன், பாவம், வெறி" என்றார். எங்களை அவருக்குத் தெரியாது.

மங்கை சைட்காரிலிருந்து இறங்கினாள். "அது என்ர மனுசன்" என்றாள். "அவர் குடிக்கேல்லை. ஏனெண்டு இவரிட்டக் கேளுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொன்னேன். கட்டுக்கம்பி, ஞாயிற்றுக்கிழமை, ஸ்பிரிட் போத்தல், எல்லாம் சொன்னேன். கடைக்காரர் தோளில் கிடந்த துவாயை எடுத்து மடித்தார். பிறகு மங்கையிடம், "நான்தான் தூக்கினது, பிள்ளை. நான்தான் அந்தக் கதையைச் சொன்னதும்" என்றார். கடையை விட்டுவிட்டு எங்களோடு நடந்து வந்து இடத்தைக் காட்டினார்.

இரண்டு பக்கமும் வயல். கதிர் முற்றிய நேரம். மங்கை வீதியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள்.

"பிரேக் பிடிச்சிருந்தா நிண்டிருக்குமோ, நானா?"

வேறு ஏதாவது சொல்லலாமென்று வாய்வரை வந்தது. வீதி அவ்வளவு நேராகக் கிடந்தது.

"ஓம், தங்கச்சி. நிண்டிருக்கும்."

தலையாட்டினாள். என்னை மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவளும் ஐயாவும் வீதியோரப் புல்லில் கொஞ்ச நேரம் இருந்தார்கள். நான் தள்ளி நின்றேன்.

தேவா, இனி இந்த மாவட்டத்தில் எந்தக் கடையில், எந்தப் பஸ்ஸில் உன் பெயர் அடிபட்டாலும் நான் எழும்பிச் சொல்வேன்: அவன் குடித்திருக்கவில்லை, பிரேக் நான் செய்தது என்று. மாவட்ட எல்லையில், புல்மோட்டையில் கேட்டாலும் சொல்வேன். சொல்லச் சொல்ல, வண்டி திருத்த என்னிடம் வருகிறவர்கள் குறையலாம், குறையட்டும். என் மூச்சு இருக்கும்வரை உன் பெயரில் அந்தக் கறை இருக்க விடமாட்டேன். இது சத்தியம்.

புதன்கிழமை வருகிறேன் என்றவனை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் மச்சான்
றஹீம்