கத்தரிக்கு மசியாத ஜாக்கெட்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது போனில் சொல்லியிருக்க வேண்டிய விஷயம். ஆனால் போனில் சொன்னால் நீ "ஐயோ" என்பாய், நான் கத்துவேன், அம்மா போனைப் பிடுங்கி இரண்டு பேரையும் திட்டுவாள். கடிதம் என்றால் நடுவில் யாரும் புக முடியாது பார்.

பைக் வாங்கப் போகிறேன். ஸ்கூட்டர் இல்லை, கியர் வண்டி.

உட்கார். தண்ணீர் குடி. பிறகு மேலே படி.

லிஃப்ட் பழுதுபார்க்கப் போகிறவர்கள் எல்லோரும் சொந்த வண்டி வைத்திருக்க வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். வண்டி இல்லாதவர்கள் ஆபீசில் உட்கார்ந்து போன் எடுக்கலாமாம். "லைன்ல இருங்க" என்று சொல்வதற்கா நான் இத்தனை நாள் கிரீஸில் குளித்தேன்? போன வாரம் ஒரு கர்ப்பிணிப் பெண் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டாள். நான் பஸ் ஸ்டாப்பில் நின்றபடி போனிலேயே தைரியம் சொன்னேன். "எங்க இருக்கீங்க?" என்று அவள் கேட்கக் கேட்க, "இதோ வந்துட்டேன்மா" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். வந்த பஸ் நிற்காமல் போய்விட்டது. கடைசியில் நான் போய்க் கதவைத் திறந்தபோது அவள் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

லைசென்ஸ் எடுத்துவிட்டேன், கூட வேலை பார்க்கும் அண்ணனின் வண்டியில் பழகி. ஒரு பெரிய ஷோரூமுக்கும் போனேன். கண்ணாடியும் குளிருமாக இருந்தது. "ஹஸ்பண்டுக்கா மேடம்?" என்று அங்கே விற்கிறவன் கேட்டான். "இல்ல, எனக்குத்தான்" என்றேன். நேராக ஸ்கூட்டர் பக்கம் கூட்டிக்கொண்டு போனான், மடையன்.

விபத்து வார்டில் நர்ஸாக இருக்கிறவள் நீ. ஹெல்மெட், ஜாக்கெட், கையுறை எல்லாம் எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது என்று நீதான் சொல்ல வேண்டும். எனக்கும் பயம்தான் அக்கா. வேறு யாரிடமும் சொல்லவில்லை.

உன்,
வாலு


மார்ச் 10

என் அன்பு வாலுக்கு,

தண்ணீர் குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அம்மாவிடம் இன்னும் மூச்சு விடவில்லை. "சின்னவ என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள். "சளி பிடிச்சிருக்காம்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அடுத்த முறை பேசும்போது மறக்காமல் இரண்டு இருமல் இருமிவிடு.

வண்டி வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் கேட்கிற ஜென்மமா நீ? ஆனால் என்ன அவசரம்? இந்த வருஷ மழைக்காலம் வந்து போகட்டுமே. ஷோரூம்காரன் ஆண்பிள்ளைக்கு விற்றே பழகியவன், உன் உயரத்துக்கு எது சரி என்று அவனுக்கு என்ன தெரியும்? கூடவே ஒரு ஹெல்மெட்டை இலவசமாகத் தலையில் கட்டுவான், அதைத் தொடாதே. புது வண்டி கடிவாளத்துக்கு அடங்காது என்கிறார்கள். பழைய வண்டி எப்போது காலை வாரும் என்று தெரியாது.

எங்கள் வார்டில் பைக்கில் விழுந்து வருகிறவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் தெரியுமா? "வண்டிக்கு என்ன ஆச்சு?" என்பார்கள். கால் எலும்பு வெளியே தெரியும், வாய் வண்டியை விசாரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஷோரூமின் பெயரும் போன் நம்பரும் எழுது. பாதுகாப்புச் சாமான்களைப் பற்றி நானே கேட்டுப் பார்க்கிறேன். அதுவரை பஸ்ஸிலேயே போ, என் கண்ணு.

உன் அன்பு,
அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இருமிவிட்டேன். அம்மா கஷாயத்துக்குச் செய்முறை சொன்னாள். உன்னால் வந்த வினை.

இன்னொரு கடையும் பார்த்தேன். பழைய வண்டிகளைச் சரிசெய்து விற்கிற ஒரு மெக்கானிக் அண்ணன். கடை என்றால் ஒரு தகர ஷெட்தான். நான் ஒரு வண்டியைக் காட்டியதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? ஸ்டாண்டை மடக்கி அதை அப்படியே தரையில் சாய்த்துப் படுக்க வைத்துவிட்டார். "தூக்குங்க. தூக்க முடிஞ்சாத்தான் விப்பேன்." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முக்கி முனகிப் பார்த்தேன், அசையவில்லை. பிறகு அவரே, "முதுகைக் காட்டி உக்காந்து, காலால தள்ளி எழுந்திருங்க" என்றார். எழுந்தது! லிஃப்ட் மோட்டாரைத் தூக்குகிறவளை என்ன நினைத்தார்?

ஆனாலும் ஷோரூமிலேயே வாங்கலாம் என்றிருக்கிறேன். புது வண்டி, சர்வீஸ் அவர்களே செய்வார்கள், தவணைக்காகக் கம்பெனியும் என் பெயரில் அவர்களுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை எடுக்கிறேன். பெயரும் நம்பரும் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், நீயே கேட்டுக்கொள்.

ஒன்று சொல்லட்டுமா? புதிதில் ஒரு குறை, பழையதில் ஒரு குறை, மழையில் ஒரு குறை. நீ குறை சொல்லாத கடை இந்த உலகத்தில் இருக்கிறதா? ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்டேன், அதற்குத்தான் பதில் இல்லை.

உன்,
வாலு


மார்ச் 20

அன்பு வாலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சரி, உன் இஷ்டம். நீ சின்னக் குழந்தை இல்லையே.

இங்கே வேலை அதிகம். அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. சனிக்கிழமை வண்டி கைக்கு வராவிட்டாலும் மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே, எல்லாம் நல்லதுக்குத்தான். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

"வண்டி கைக்கு வராவிட்டாலும்." எவ்வளவு அழகாக எழுதியிருக்கிறாய்!

சனிக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு ஷோரூமில் போய் நின்றேன். மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். உங்க வீட்டுல இருந்து ஒரு நர்ஸம்மா பேசினாங்க. உங்களுக்கு வலிப்பு வருமாமே? டாக்டர் சர்டிஃபிகேட் இல்லாம வண்டி தர முடியாது." எனக்கு முதலில் புரியவில்லை. நான் இல்லை என்றேன். "மருந்து பேர்கூடச் சொன்னாங்களே" என்றார் பாவமாக. மருந்து பெயர் வரைக்கும் சொல்லியிருக்கிறாய்! உன் படிப்பு வீண் போகவில்லை.

அதோடு முடியவில்லை. கம்பெனி கடிதம் கொடுத்த ஆள் ஆயிற்றே, அதனால் மேனேஜர் எங்கள் இன்ஜினியருக்கும் சொல்லிவிட்டார். வலிப்பு வருகிறவளை யார் லிஃப்ட் ஷாஃப்ட்டுக்குள் இறக்குவார்கள்? திங்கட்கிழமையிலிருந்து நான் போன் மேஜையில். "லைன்ல இருங்க." மருத்துவப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முடிவு நன்றாகத்தான் வரும், எனக்குத் தெரியும். ஆனால் உண்மையை மறைத்து வேலையில் சேர்ந்தவள் என்று பார்க்கிறார்களே, அந்தப் பார்வையை எந்த மருந்தால் சரிசெய்வாய்? வேலையே போனாலும் போகும்.

நான் உன்னிடம் என் பயத்தைச் சொன்னேன். நீ அதை எடுத்து என் கழுத்திலேயே சுற்றிவிட்டாய்.

பதில் எழுத வேண்டாம்.

உன் தங்கை


மார்ச் 29

என் வாலுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்தாலும் சரி.

நான்தான் செய்தேன். உன் வேலையைப் பற்றி ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஒரு வண்டியை நிறுத்துகிறோம் என்று மட்டும்தான் நினைத்தேன். ஷோரூமுக்குப் பேசிய அன்று காலையில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நீ போடுகிற மாதிரியே நீலச் சட்டை, பையில் ஸ்பேனர். முகத்தைத் துடைத்துப் பார்க்கும் வரை எனக்கு உயிர் இல்லை. நீ இல்லை. அவள் பிழைத்துவிட்டாள். ஆனாலும் இரண்டு முறை திரும்பிப் போய் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். இடைவேளையில் டீ குடிக்கப் போனவள், அந்த ஷோரூமுக்குப் போன் போட்டுவிட்டேன். இது காரணம்தான், நியாயம் இல்லை.

உன் இன்ஜினியருக்கு எழுதிவிட்டேன். என் பெயர், ஆஸ்பத்திரி விலாசம், நான் சொன்னது முழுப்பொய் என்பது, எல்லாம் கையெழுத்துப் போட்டு. ஷோரூமுக்கும் அதேபோல் எழுதிவிட்டேன். எங்கள் மேட்ரனிடமும் சொன்னேன். நர்ஸ் என்று சொல்லிப் பொய் பேசியதற்கு என்ன செய்வார்களோ, செய்யட்டும். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். என்னோடு பேசுவதில்லை.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்கிறேன். எனக்குக் கடைகளைத் தெரியாது. வருகிறவர்களின் உடுப்பைக் கத்தரியால் வெட்டி எடுப்பது என் வேலை, அதனால் உடுப்பைத் தெரியும். ஜீன்ஸ் காகிதம் மாதிரி வெட்டுப்படும், ரோடும் அதை அப்படித்தான் கிழிக்கும். எந்த ஜாக்கெட்டை வெட்டும்போது என் கத்தரி திணறி, கட்டைவிரல் வலித்து, நான் வாய்க்குள் திட்டுகிறேனோ, அதைப் போட்டவன் பெரும்பாலும் தோலோடு வந்திருப்பான். அந்த மாதிரி வாங்கு. தோளிலும் முழங்கையிலும் உள்ளே கெட்டியான காப்புப் பட்டை இருக்க வேண்டும், அது நகரக் கூடாது.

விழுகிறவர்கள் எல்லோரும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். அதனால் உள்ளங்கையில் தடித்த கையுறை வேண்டும். கணுக்காலை மூடுகிற ஷூ வேண்டும். செருப்பு போட்டு வந்த கால்களைப் பற்றி நான் சொல்லமாட்டேன். ஹெல்மெட் முழு முகத்தையும் மூட வேண்டும். போட்டால் கன்னம் இரண்டும் அமுங்கி உன் வாய் மீன் மாதிரி ஆக வேண்டும், தலையை ஆட்டினால் அது தனியாக ஆடக் கூடாது. தாடைக்குக் கீழே வாரைக் கட்டாதவர்கள் எங்களிடம் வரும்போது ஆள் ஒரு ஸ்ட்ரெச்சரில், ஹெல்மெட் போலீஸ்காரர் கையில் என்றுதான் வருவார்கள்.

வண்டியை அந்த மெக்கானிக்கிடமே வாங்கு. தூக்க முடியாதவளுக்கு விற்கமாட்டேன் என்றவர் அவர் ஒருவர்தான். விற்றுவிட்டுப் போன ஆள் ஏன் விற்றான் என்று மட்டும் கேள்.

உன் அக்கா


ஏப்ரல் 8

அக்காவுக்கு,

கிழிக்கவில்லை.

பரிசோதனை முடிவு நன்றாக வந்துவிட்டது. உன் கடிதமும் வந்தது. இன்ஜினியர் அதை இரண்டு முறை படித்தார். "உங்க அக்கா கையெழுத்து முத்து மாதிரி இருக்கு. புத்திதான் கோணல்" என்றார். மறுபடியும் ஷாஃப்ட்டில் இறங்குகிறேன். எல்லோரும் இன்னும் பழைய மாதிரி பேசவில்லை, போகப் போகச் சரியாகும்.

மெக்கானிக் அண்ணனிடமே வாங்கினேன். முன்னால் வைத்திருந்தவருக்கு இரட்டைக் குழந்தைகள், கார் வாங்கிவிட்டாராம். நானே போய் அவரைப் பார்த்தேன். இரண்டு கையும் இரண்டு காலும் நன்றாக இருக்கின்றன, தூக்கம்தான் இல்லை.

ஜாக்கெட் வாங்க, வீட்டுக் கத்தரியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். முதல் கடையில் நான் கத்தரியை எடுத்ததும் விற்கிற பெண் முதலாளியைக் கூப்பிட்டாள். இரண்டாவது கடையில் "மேடம், வெளியே போங்க" என்றார்கள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. நான் சொன்னதைக் கேட்டு அந்த ஆள் சிரிக்கவில்லை. உள்ளே போய், யாரோ விழுந்து தேய்த்துத் திருப்பிக் கொடுத்த ஒரு ஜாக்கெட்டை எடுத்து வந்து, "இதுல வெட்டிப் பாருங்க" என்றார். கட்டைவிரல் வலிக்க வலிக்க வெட்டினேன். உன்னை நினைத்து வாய்க்குள் திட்டவும் செய்தேன். அதே மாதிரி புதியது ஒன்று வாங்கினேன். ஹெல்மெட்டும் அங்கேதான். மீன் மாதிரிதான் இருக்கிறேன்.

முதல் நாள் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை. லாரி ஒன்று பக்கத்தில் வந்தால் இன்னும் ஓரமாக ஒதுங்கி நின்றுவிடுகிறேன். ஆனால் நேற்று ஒரு அப்பாவும் பிள்ளையும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். "இதோ வந்துட்டேன்" என்றேன், வந்தும்விட்டேன்.

ஒரு விஷயத்தை மறைக்க விருப்பம் இல்லை. ஹெல்மெட்டின் உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது, ஏதாவது என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று. இன்ஜினியர் நம்பரை எழுதினேன். அப்படி ஒரு போன் உனக்கு வந்தால் நீ தாங்கமாட்டாய் என்று இப்போது தெரிந்துவிட்டது. கொஞ்சம் கோபமும் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் பொய்.

வாலு


ஏப்ரல் 12

என் வாலுக்கு,

கோபம் இருக்கட்டும். எவ்வளவு நாள் வேண்டுமோ வைத்துக்கொள்.

ஆனால் அந்த நம்பரை அடித்துவிட்டு என் நம்பரை எழுது. முன்பின் தெரியாத தங்கைகளுக்கு எல்லாம் நான் பக்கத்தில் நிற்கிறேன். என் தங்கை விழுந்தால் இன்ஜினியருக்குச் சொல்லி, அவர் யோசித்து, பிறகு எனக்குச் சொல்வதா? தாங்குவேனா மாட்டேனா என்பது என் பாடு. நடுங்குவேன், அழுவேன், ஆனால் போனை எடுப்பேன், வருவேன். இனி உன்னை நிறுத்தமாட்டேன். அதற்குப் பதிலாக இதை மட்டும் எனக்குக் கொடு.

டியூட்டி நேரத்தில் என் போன் அலமாரியில் பூட்டிக் கிடக்கும். அதனால் வார்டு நம்பரையும் கீழே எழுதியிருக்கிறேன். அந்த போன் பக்கத்தில் உன் போட்டோவை ஒட்டி, இந்தப் பெண்ணைப் பற்றி யார் பேசினாலும் நான் எங்கே இருந்தாலும் கூப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்துவிட்டேன். மேட்ரன் என்மேல் இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் போட்டோவை ஒட்ட டேப் கொடுத்தது அவர்தான்.

இரண்டு நம்பரையும் மழையில் அழியாத பேனாவால் எழுது.

உன் அக்கா