உங்க பேரு என்னங்கம்மா

அனுப்பர்பாளையம்
17.6.2007

அன்புள்ள மாமாவுக்கு,

சித்ரா எழுதறது. போன்ல பேசினா கேஸ் சிலிண்டர், ஸ்கூல் பீஸுன்னு ஆரம்பிச்சுக் கடைசில சண்டையில முடியுது. எழுதினா நடுவுல மறிச்சுப் பேச ஆளில்லை. அதனால இனிமே எழுதறேன். நீங்களும் எழுதுங்க.

வர்ஷினி ஒண்ணாம் வகுப்புப் போறா. முதல் நாள் அழுகலைங்க. "எங்கப்பா பெங்களூர்ல கேமரா ஆபீசர்"னு டீச்சர்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கா. நானும் திருத்தலை.

நம்ம ஸ்டூடியோ இருந்த எடத்துல செல்போன் கடை வந்திருச்சு. போர்டை எறக்கும்போது பஸ்ல அந்தப் பக்கமாத்தான் போனேன். எறங்கலாம்னு பாத்தேன், கம்பெனிக்கு நேரமாயிருச்சு. டிஜிட்டல் வந்ததுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா எட்டு வருசம் நீங்க உள்ளே பிலிம் கழுவற இருட்டுல நின்னீங்க, நான் முன்னாடி உக்காந்து பாஸ்போர்ட் போட்டோ வெட்டினேன். அதை அப்படி மறக்க முடியுதுங்களா?

கம்பெனியில என்னைச் செக்கிங்குக்கு மாத்திட்டாங்க. தச்சு வர்ற பனியனை விரிச்சு ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் பிசிறு பாக்கணும். நின்னுட்டேதான் வேலை. வாரத்துல நாலு நாள் ஒண்ணரை ஷிப்ட், பன்னெண்டு மணி நேரம். பக்கத்து டேபிள் பாண்டியம்மாக்காவுக்குச் சாத்தூர்ப் பக்கம். அவங்க பொண்ணு காதுகுத்துக்கு நீங்கதான் போட்டோ எடுத்தீங்களாம்.

நீங்க ரெண்டு மாசமா ஊருக்கு வரலை. அந்தக் கேமராக் கடையில என்னதான் வேலைன்னு கேக்கறவங்களுக்குச் சொல்லத் தெரியலைங்க.

அன்புடன்
சித்ரா

பெங்களூர்
8.7.2007

அன்புள்ள சித்ராவுக்கு,

உன் கடிதத்தை மூணு தடவை படிச்சேன். என்ன வேலைன்னு கேட்டிருந்தே, சொல்றேன்.

கேமரா பேரு ஹார்ட்விக். ஜெர்மனியில செய்யறது. இதைக் கடைன்னே சொல்லக் கூடாதாம், ஷோரூமாம். ஒரு சுவரு முழுக்க ஒரே ஒரு கேமராவை வெச்சு மேல ஒரு லைட்டு போட்டிருக்காங்க. வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு நான் அதை எடுத்துக் காட்டணும், பிலிம் மாட்டிக் குடுக்கணும், அவங்க கொண்டு வர்ற ரோலைக் கழுவி பிரிண்ட் போட்டுக் குடுக்கணும்.

வர்றவங்க டாக்டருங்க, சாப்ட்வேர்காரங்க, காபி எஸ்டேட்காரங்க. டிஜிட்டல் எல்லார் கைக்கும் வந்த பிறகுதான் இவங்களுக்குப் பிலிம் மேல ஆசை வந்திருக்குது. புது ரோல் டப்பாவைத் திறந்து மோந்து பாக்கறாங்க. ஷட்டர் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேக்கறாங்க. ஒரு டாக்டர் வாங்கி வருசமாச்சு, இன்னும் பெட்டியையே பிரிக்கலை. இன்னொருத்தர் கருப்புப் பெயிண்டைத் தேச்சுத் தேச்சு உள்ளே இருக்கற பித்தளையைத் தெரிய வெக்கறாரு. ரொம்ப உழைச்ச கேமரா மாதிரி இருக்கணுமாம். இப்போ கம்பெனியே அப்படித் தேச்ச மாடல் ஒண்ணை விக்குது.

ஆயிரம் கல்யாணத்துக்கு யோசிக்காம ரோல் மாட்டியிருக்கேன். இங்க நான் மாட்டறதைச் சுத்தி நின்னு பாக்கறாங்க. போன வாரம் கை தட்டினாங்க. எனக்கு என்னமோ ஆயிருச்சு சித்ரா. நம்மூர்ல கடைசி ரெண்டு வருசம் ஒருத்தரும் என்னை நிமிந்து பாக்கலை.

வரணும்னுதான் இருக்கேன். ஞாயித்துக்கிழமைதான் இங்க கூட்டம். வர்ஷினிக்கு முத்தம்.

உன்
மூர்த்தி

அனுப்பர்பாளையம்
9.9.2007

அன்புள்ள மாமாவுக்கு,

பித்தளை தெரியறதுக்குப் பெயிண்டைச் சொரண்டறாங்கன்னு பாண்டியம்மாக்காகிட்டச் சொன்னேன். "நம்ம தெருவுக்கு வரச் சொல்லு தாயி, வீட்டுக்கு வீடு பித்தளைப் பாத்திரப் பட்டறைதான்"ன்னு சிரிக்கறாங்க. ரொம்ப நாள் கழிச்சு நானும் சிரிச்சேன்.

உங்களுக்குக் கை தட்டினாங்கன்னு படிச்சதும் சந்தோசமா இருந்துச்சுங்க. வர்ஷினிக்கு அந்த எடத்தை மட்டும் ரெண்டு தடவை படிச்சுக் காட்டினேன்.

எனக்கு முட்டி வீங்குது. டாக்டரு நிக்காதீங்கங்கறாரு, சூப்பர்வைசர் உக்காராதீங்கங்கறாரு. ஆயுத பூஜைக்காவது வாங்க. ஒரு நாள் போதும்.

சித்ரா

பெங்களூர்
20.1.2008

அன்புள்ள சித்ராவுக்கு,

ஆயுத பூஜைக்கும் வரலை, பொங்கலுக்கும் வரலை. கோவிச்சுக்காதே. இப்போ நிஜமாவே வர்றேன்.

புது மாடல் வெளியாகுது. அதுக்காகக் கஸ்டமர் பன்னெண்டு பேரைக் கூட்டிட்டுத் திருப்பூருக்கு வர்றோம். பனியன் கம்பெனிகளுக்குள்ளே பிலிம்லயே படம் எடுப்பாங்க. நல்லா வர்றதை ஜெர்மனியில காலண்டரா போடுவாங்க. மேனேஜர் பேசி வெச்ச கம்பெனிகள்ல உன்னோடதும் ஒண்ணு. பிப்ரவரி ரெண்டு, சனிக்கிழமை. வேலை முடிஞ்சதும் சாயங்காலம் ஊட்டுக்கு வந்துர்றேன். ராத்திரி தங்கிட்டுக் காலையில கிளம்பினாப் போதும்.

வர்ஷினிகிட்டச் சொல்லிரு.

உன்
மூர்த்தி

அனுப்பர்பாளையம்
5.2.2008

மாமா,

மூணு நாளா எழுத உக்காந்து எந்திரிச்சுட்டேன்.

நீங்க எங்க ஹாலுக்குள்ளே வந்ததும் பாண்டியம்மாக்கா "ஏ, உங்க வீட்டுக்காரருல்லா!"ன்னாங்க. எனக்கு வெக்கமாப் போச்சு, தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். நிமிந்தா நீங்க என் டேபிள் முன்னாடி நிக்கறீங்க, கையில அந்த வெள்ளைக் கையுறை. பக்கத்துல கேமராவோட ஒரு அம்மா, காபி எஸ்டேட்காரங்களாம். அவங்க இங்கிலீஷ்ல என்னமோ சொன்னாங்க. நீங்க என்னைப் பாத்து, "கொஞ்சம் ஜன்னல் பக்கமாத் திரும்புங்கம்மா"ன்னீங்க.

பத்து வருசத்துல நீங்க என்னை 'ங்க' போட்டுக் கூப்பிட்டதில்லை. வெளையாடறீங்கன்னு நெனச்சேன். திரும்பினேன்.

"உங்க பேரு என்னங்கம்மா?"

அப்பவும் எனக்குப் புரியலைங்க. உங்க மூஞ்சியைப் பாத்தேன். நீங்க என்னைப் பாக்கலை, என் கையில இருந்த பனியனைப் பாத்தீங்க. அப்பத்தான் புரிஞ்சுது. "சித்ராதேவிங்க"ன்னேன். பாண்டியம்மாக்கா வாயைத் திறந்தாங்க, நான் அவங்க காலை மிதிச்சேன். அந்தம்மா கேமராவைக் கண்ணுல வெச்சிருந்தாங்க. எத்தனை எடுத்தாங்கன்னு தெரியாது, மெஷின் சத்தத்துல ஷட்டர் சத்தமே கேக்கலை.

"குழந்தைங்க இருக்குதுங்களா?" அந்தம்மா கேட்டதை நீங்க தமிழ்ல கேட்டீங்க.

"ஒண்ணு இருக்குதுங்க."

"ஊட்டுக்காரரு என்ன பண்றாரு?"ன்னு அந்தம்மா இங்கிலீஷ்ல கேட்டாங்க. அதை மட்டும் நீங்க தமிழ்ல கேக்கலை. எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் புரியுங்க. "வெளியூர்ல இருக்காரு"ன்னு நானே சொன்னேன். அதை அவங்களுக்குச் சரியா மாத்திச் சொன்னீங்க.

சரி, ஆளுங்க முன்னாடி என்னமோ சங்கடம், ஊட்டுக்கு வந்து சொல்லுவீங்கன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். கோழி எடுத்துக் குழம்பு வெச்சேன். வர்ஷினி வாசல்லயே நின்னா. ஏழு மணிக்கு மேல சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கேட்டேன். வேன் நாலு மணிக்கே போயிருச்சுன்னாரு.

அவகிட்ட என்ன சொல்றதுன்னு எழுதுங்க.

சித்ரா

பெங்களூர்
24.2.2008

அன்புள்ள சித்ராவுக்கு,

உனக்குப் பதில் எழுத எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் நடந்ததைச் சொல்லணும்.

நான் சேந்த மூணாம் மாசம் மேனேஜர் என் படத்தைப் பெரிசாப் போட்டுச் சுவத்துல மாட்டினாரு. கீழே இங்கிலீஷ்ல ஒரு கதை. குடும்பம், சொந்தம் எல்லாத்தையும் விட்டுட்டுப் பிலிமோடயே தனியா வாழற மனுசன்னு. இப்படி ஒருத்தர் கையால பிலிம் மாட்டிக்கறதுதான் ஹார்ட்விக்குன்னு கஸ்டமர்கிட்டச் சொல்வாரு. அன்னைக்கே மறுத்திருக்கணும். வேலை போயிருமோன்னு இருந்துட்டேன். அப்புறம் எனக்கே அந்த ஆளைப் பிடிச்சுப் போச்சு. அதுதான் நிஜம்.

அன்னைக்கு உன்னைப் பாத்ததும், 'என் சம்சாரம்'ன்னு வாய் வரைக்கும் வந்துது. பன்னெண்டு பேரும் என்னையே பாத்துட்டு நின்னாங்க. வாய் வேற என்னமோ பேசிருச்சு. சாயங்காலம் உன் முன்னாடி வந்து நிக்கத் தைரியமில்லை. வேன்ல ஏறிட்டேன்.

இன்னொண்ணு சொல்லணும். அந்தம்மா எடுத்த உன் படம் காலண்டருக்குத் தேர்வாயிருச்சு. நான்தான் பிரிண்ட் போட்டேன். தட்டுல மருந்துக்குள்ளே உன் முகம் கொஞ்சங்கொஞ்சமா மேல வந்துது. பெரிசாப் போட்டு ஷோரூம்ல மாட்டியிருக்காங்க. 'அசதி'ன்னு இங்கிலீஷ்ல பேரு. பாக்கறவங்க நின்னு பாத்துட்டுத்தான் போறாங்க.

படத்துல இருக்கறவங்க சம்மதம் வேணுமாம். படிவம் இதோட வெச்சிருக்கேன். அதுல ஒரு கேள்வி: ஹார்ட்விக் கம்பெனி ஊழியர் யாருக்காவது உறவா? உறவுன்னா படத்தைச் சேத்துக்க மாட்டாங்க. 'இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினா நல்லது. காலண்டர் வந்ததும் மேனேஜர்கிட்ட நானே எல்லாத்தையும் சொல்லிர்றேன். உங்க ரெண்டு பேரையும் இங்கேயே கூட்டிட்டு வந்துர்றேன்.

உன்
மூர்த்தி

அனுப்பர்பாளையம்
2.3.2008

மாமா,

படிவத்தைப் பூர்த்தி பண்ணி இதோட வெச்சிருக்கேன். உறவாங்கற கேள்விக்கு 'ஆமாம், மனைவி'ன்னு எழுதியிருக்கேன். பொய் எழுதிக் கையெழுத்துப் போட எனக்கு வரலைங்க. குடுக்கறதும் கிழிக்கறதும் உங்க இஷ்டம்.

அசதின்னு பேரு வெச்சிருக்கறதா எழுதியிருந்தீங்க. அன்னைக்கு எனக்கு அசதியே இல்லைங்க. நீங்க வர்றீங்கன்னு வெள்ளனே எந்திரிச்சுத் தலைக்கு ஊத்திக்கிட்டு, ஊதாச் சேலை கட்டிட்டு வந்திருந்தேன். முட்டி வலி கூடத் தெரியலை. அது நீங்க பேரு கேட்டதுக்கு அப்புறம் வந்த மூஞ்சி. பாக்கறவங்களுக்குத் தெரியாது, சரி. பிரிண்ட் போட்ட உங்களுக்குத் தெரியலீங்களா?

சித்ரா

பெங்களூர்
30.3.2008

அன்புள்ள சித்ராவுக்கு,

ஒரு மாசமா யோசிச்சு யோசிச்சுத் தூக்கமில்லை. கடைசியில யாருக்கும் கஷ்டமில்லாம முடிச்சுட்டேன்.

படிவத்தை நான் குடுக்கலை. கிழிக்கவும் மனசு வரலை, என் பெட்டியில வெச்சிருக்கேன். படத்துல இருக்கற அம்மா பனியன் கம்பெனியை விட்டு நின்னுட்டாங்க, எங்க போனாங்கன்னு தெரியலை, தேடியும் காணோம்னு மேனேஜர்கிட்டச் சொல்லிட்டேன். அவரும் நம்பிட்டாரு. காலண்டருக்கு வேற படம் போகுது. உன் படத்தையும் சுவத்துல இருந்து எறக்கிட்டாங்க. இனி யாரும் உன்னை நின்னு பாக்க மாட்டாங்க. வேலையும் இருக்குது. கொஞ்சம் பொறுத்துக்கோ, அடுத்த வருசம் எல்லாம் சரியாயிரும்.

உன் கால் எப்படி இருக்குது? தைலம் வாங்கி வெச்சிருக்கேன், வர்றப்போ கொண்டு வர்றேன்.

உன்
மூர்த்தி

அனுப்பர்பாளையம்
6.4.2008

வர்ஷினி அப்பாவுக்கு,

கடிதம் கிடைச்சுது. எனக்குக் கோவமெல்லாம் இல்லைங்க. கோவப்படறதுக்கு உடம்புல ஏதாவது மிச்சம் இருக்கணும்.

வேலையை விட்டுட்டு வாங்கன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்லை. இப்பவும் கேக்கலை. அங்கேயே இருங்க. அந்த வேலையில உங்களை மதிக்கறாங்க. தேடியும் காணோம்னு நீங்க சொன்ன ஆளு இனி உங்களுக்குக் கடிதம் எழுதறது சரியா இருக்காது. இதோட நிறுத்திக்கறேன்.

வர்ஷினி எழுதப் படிக்கக் கத்துக்கிட்டா. இனி அவ எழுதுவா. அவளுக்குப் பதில் போடுங்க, பெரிய எழுத்தா எழுதுங்க. கேமரா பத்தி எழுதினா சந்தோசப்படுவா. அவகிட்ட நான் ஒண்ணும் சொல்லலை, சொல்லவும் மாட்டேன். தைலம் வேண்டாங்க, இங்கேயே கிடைக்குது.

இருபதாந்தேதிக்கு மேல அவளுக்குப் பரீட்சை லீவு. பாக்க வர்றதா இருந்தா ஒரு வாரம் முன்னாடியே கார்டு போடுங்க. பாண்டியம்மாக்கா ஊட்டுல அவளை விட்டுட்டு, அன்னைக்கு நான் ஒண்ணரை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கறேன்.

சித்ராதேவி