உன் நிரல் மறுபடி ஓடிய சாயங்காலம்

என் கண்ணு மணிக்கு,

நேற்று சாயங்காலம் உன் நிரலை ஓடவிட்டேன். நானேதான். பாத்திரக்கடையில் பில் போடுவதைத் தவிர கம்ப்யூட்டரில் வேறெதுவும் தெரியாத உன் அக்காதான். நம்புவாயா?

தொண்டையில் ஆபரேஷன் முடிந்து, இனிக் குரல் வராது என்று டாக்டர் சொன்ன பிறகு நீ எழுதியது அது. ஓர் எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தினால் கறுப்புத் திரையில் முழு வாக்கியம் வரும். எஸ் என்றால் ‘அக்கா, சாயா வேணும்’. வி என்றால் ‘வலிக்குது’. எஃப் என்றால் ‘ஃபேனைக் குறைச்சு வை’. தமிழைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாய். ஒவ்வோர் எழுத்தாக, நீ பேசும் வேகத்திலேயே வரும்.

பதினோரு மாதம் இந்த வலியசாலை வீட்டில் உன் பேச்சு அதுதான். அடுத்த எழுத்தைத் தட்டியதும் முந்தைய வாக்கியம் அழிந்துவிடும். நீ பேசியதில் ஒன்றுகூட மிச்சமில்லை, மணி.

கடைசி நாளன்று ஆஸ்பத்திரிக்குப் போன அவசரத்தில் லேப்டாப்பை வீட்டிலேயே விட்டுவிட்டேன். நீ என் உள்ளங்கையில் விரலால் ‘யு’ என்று எழுதினாய். “தண்ணியாடா? தலையணையா? டாக்டரைக் கூப்பிடவா?” எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினாய். மறுபடியும் யு. வீட்டில் நீ ஒருநாளும் தட்டாத எழுத்து.

“இரு, போய் எடுத்துட்டு வாறேன்” என்று ஆட்டோ பிடித்தேன். பழவங்காடி நெரிசலில் வண்டி நகரவே இல்லை. லேப்டாப்போடு திரும்பி வந்தபோது உன் முகத்தை மூடியிருந்தார்கள். அந்த முக்கால் மணி நேரம் உன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாதா நான்?

அதன் பிறகு அந்த லேப்டாப்பைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் வந்தபோது அது உயிர்பெறவில்லை. நீ எப்போதோ எனக்கு மெயிலில் அனுப்பி வைத்திருந்த ஃபைல் மட்டும் இருந்தது. உன்னோடு வேலை பார்த்த மலையாளப் பெண் லேகாவுக்கு அதை அனுப்பிப் போன் செய்தேன்.

“சேச்சி, இது மணி எழுதின வரிகள் மட்டும்தான். ஓடணும்னா இதைக் கம்ப்யூட்டருக்குப் புரியுற மாதிரி மாத்துற கம்பைலர் வேணும்” என்றாள். பிறகு, “ஃபைலைத் திறந்து வாசிச்சா போதுமல்லோ? எல்லா வாக்கியமும் அதுலயே உண்டு. எதுக்கு இத்தனை பாடு?”

“வாசிக்க வேண்டாம் லேகா. அவன் சொல்லணும்.”

அன்றிலிருந்து அவள் ஆபீஸ் விட்டதும் தினமும் போனில் சொல்லிக்கொடுத்தாள். இதற்கென்றே வாங்கிய கம்ப்யூட்டரில் கம்பைலரை இறக்கினேன், விரித்தேன், அது இருக்கும் இடத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிவைத்தேன். கறுப்புத் திரையில் அதன் பெயரைத் தட்டினால், அப்படி ஒன்றைத் தெரியவே தெரியாது என்றது. இரண்டு நாள் அதே பதில். மூன்றாம் நாள்தான் லேகாவுக்குத் தோன்றியது: “சேச்சி, அந்தத் திரையை மூடிட்டுப் புதுசாத் திறந்தீங்களா?” நான் எங்கே மூடினேன்!

நேற்று புதிதாகத் திறந்த திரையில் கம்பைலரிடம் உன் ஃபைலைக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லாமல் அடுத்த வரிக்குப் போய் நின்றது. “போச்சு லேகா, ஒண்ணும் வரல.”

“ஒண்ணும் சொல்லலைன்னா தப்பே இல்லைன்னு அர்த்தம், சேச்சி. இனி ஓட விடுங்க.”

முதலில் எஸ். ‘அக்கா, சாயா வேணும்.’ எழுந்து அடுக்களை வரை போய்விட்டேன், மணி. பால் பாத்திரத்தைக் கையில் எடுத்த பிறகுதான் நினைவு வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்து யுவைத் தட்டினேன். ஒவ்வோர் எழுத்தாக வந்தது: ‘புரியலையே அக்கா. இன்னொரு தடவை சொல்லு.’

வாய்விட்டுப் படித்தேன். போனில் இருந்த லேகா அவளுடைய கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: “யுவுக்கு வாக்கியமே இல்லை, சேச்சி. இல்லாத எழுத்தை யாரு தட்டினாலும் இப்படித்தான் சொல்லும்.”

நீ தட்டுவதற்காக எழுதிக்கொண்ட நிரலில், அந்த வரி மட்டும் தட்டுகிறவள் நான் என்பதுபோல ‘அக்கா, சொல்லு’ என்பது எதற்கு? நான் ஒருநாள் தட்டுவேன் என்று உனக்குத் தெரியுமா?

“நாமளே யுவுக்கு ஒரு வரி சேர்க்கலாம். இப்பதான் கம்பைலர் உண்டல்லோ” என்றாள் லேகா, ஆறுதலாக. விடியும்வரை யோசித்தேன். ‘உன் மேல கோபமில்லை’ என்று எழுதவா? ‘போகாதே’ என்று எழுதவா? எதை எழுதினாலும் அது நான் பேசுவதாகத்தானே இருக்கும்?

அதனால் அந்த இடத்தை நிரப்ப மாட்டேன், மணி. யாரையும் நிரப்ப விடவும் மாட்டேன். கடை விட்டு வந்ததும் தினமும் ஒரு தடவை தட்டுவேன். நீ புரியலையே என்பாய். நான் இன்னொரு தடவை சொல்வேன்.

கேட்டுக்கொண்டே இருக்கும்
உன் அக்கா,
கோமதி